ஃபோர்டு மாடல் ஏ இன்ஜினும் கியர் பாக்ஸும்: கழற்றுவதிலிருந்து வேகம் கூட்டுவது வரை

மாடல் ஏ ஃபோர்டை வேகமாக ஓட வைக்க நினைப்பவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு ஜோடி கார்புரேட்டர். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒரு சாயங்காலத்தில் பொருத்தியும் விடலாம். அதன் பிறகு நாலைந்து மாதத்தில் நடு பேரிங் தட்ட ஆரம்பிக்கும். இந்த இன்ஜினில் வேலையைக் கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும்: முதலில் கிராங்க் (பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), அப்புறம் ஆயில், பிறகு பிஸ்டன், வால்வு, ஹெட். கார்புரேட்டர் கடைசியில். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த இன்ஜின் கையில் இருக்கிறது?

மாடல் டிக்கு மாற்றாக 1927 கடைசியில் வந்தது மாடல் ஏ. 1931 வரை ஏறத்தாழ 48 லட்சம் கார்கள் விற்றன. நாலு சிலிண்டர், வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சைடு வால்வு அமைப்பு. போர் 3⅞ அங்குலம், ஸ்ட்ரோக் 4¼ அங்குலம், மொத்தம் 200.5 கன அங்குலம். அதாவது சுமார் 3.3 லிட்டர். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 4.22:1. நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு 40 தானா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் வெறும் 1,000 சுற்றிலேயே 128 பவுண்டு-அடி டார்க், அதாவது முறுக்கு விசை, கிடைத்துவிடும். மேட்டில் டாப் கியரை மாற்றாமலே முனகிக்கொண்டு ஏறுவது அதனால்தான். இதன் சுபாவம் காளை மாட்டுடையது. பந்தயக் குதிரையாக்க நினைத்தால் செலவும் சேதமும்தான் மிஞ்சும்.

1932 முதல் 1934 வரை வந்த மாடல் பி இன்ஜின் வெளியே பார்க்க இதேபோல இருக்கும். உள்ளே வேறு ஆள். ஜர்னல் என்பது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி: பிளாக்கில் உட்காருவது மெயின், பிஸ்டனை இணைக்கும் ராடு பிடிப்பது ராடு ஜர்னல். மாடல் ஏ கிராங்கின் மெயின் ஜர்னல் 1⅝ அங்குலம், ராடு ஜர்னல் 1½ அங்குலம். பியில் அவை 2 அங்குலம், 1⅞ அங்குலம். மெயின் பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 50 குதிரைத்திறன். நல்ல பி இன்ஜின் கிடைத்தால் வேகம் கூட்ட அதையே எடுங்கள். கிடைப்பதுதான் கஷ்டம்.

இன்ஜின் எண் பிளாக்கின் இடப் பக்கம், தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கு மேலே உள்ள சின்ன மேடையில் குத்தப்பட்டிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாடல் ஏ கார்களின் உரிமைப் பத்திரத்தில் இருப்பது இந்த எண்தான். பிளாக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் காகித வேலையை முடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுங்கள்.

இறக்குவதற்கு முன் ஒரு நாள்

ஓடுகிற இன்ஜினாக இருந்தால் இறக்கும் முன் அது சொல்வதைக் கேளுங்கள். சூடேற்றிவிட்டு நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். பழைய ஹெட் உள்ள ஆரோக்கியமான இன்ஜின் 60 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது பிளாக்கில் விரிசல். சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும் பழைய வித்தை இங்கே அவ்வளவு நம்பகமில்லை. சைடு வால்வு என்பதால் அந்த ஆயில் வால்வு மேலேயும் பரவிவிடும்.

பிறகு இறக்கலாம். பேட்டரியைக் கழற்றுங்கள் (6 வோல்ட், இதில் பாசிட்டிவ் முனைதான் எர்த், பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டுபவர் நிறைய). பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது, அதன் வால்வை மூடுங்கள். தண்ணீர், ஆயில், பானட், ரேடியேட்டர் எல்லாம் வெளியே. ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர், மேனிஃபோல்டு, கார்புரேட்டர் ராடுகள் அடுத்து. கியர் பாக்ஸையும் பிரிக்கப் போவதால் இரண்டையும் சேர்த்தே முன்பக்கமாகத் தூக்குவது சுலபம். கியர் பாக்ஸை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் டார்க் டியூப் (கியர் பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் மூடிய குழாய்) இருப்பதால் பின் ஆக்ஸிலையே பின்னால் நகர்த்த வேண்டி வரும்.

பிரிக்கும்போது ஒரே ஒரு பிடிவாதம் போதும்: எந்த மூடி எந்த இடத்திலிருந்து, எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று புள்ளி குத்தி வையுங்கள். மெயின் கேப், ராடு கேப், பிஸ்டன் எல்லாவற்றுக்கும். ஒரு தடவை "நினைவிருக்கும்" என்று விட்டுவிட்டு இரண்டு ராடு கேப்பை மாற்றிப் போட்டு, கிராங்க் ஏன் சுற்றவில்லை என்று அரை நாள் விழித்திருக்கிறேன்.

ஒட்டிக்கொண்ட ஹெட்டை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். 14 நட்டையும் எடுத்த பிறகு ஸ்பார்க் பிளக்கை மறுபடி மாட்டி ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்றினால் கம்ப்ரெஷனே கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கும். ஸ்டட் துருப்பிடித்திருந்தால் சூடு, ஊடுருவும் எண்ணெய், பொறுமை. உடைந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும் வேலையை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

பிளாக்: காசு போடுவதற்கு முன் விரிசல் தேடுங்கள்

பிளாக்கை வெந்நீர்த் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் உண்மை தெரியும். தொண்ணூறு வருஷத்துச் சேறும் துருவும் தண்ணீர் அறைகளில் கெட்டியாகி நிற்கும், அதிலும் 4-ஆவது சிலிண்டரின் பின்பக்கம். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். இன்ஜின் சூடாகிறது என்று ரேடியேட்டரைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேதான்.

விரிசலுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்: வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை, இரண்டு வால்வுகளுக்கு நடுவே, ஹெட் ஸ்டட் துளைகளைச் சுற்றி, குளிரில் தண்ணீர் உறைந்து வெடித்த வெளிச்சுவர். கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காந்தத் தூள் சோதனை காட்டிவிடும். எக்ஸாஸ்ட் சீட்டில் சின்ன விரிசல் என்றால் புதிய சீட் ரிங் அடித்துச் சமாளிக்கலாம். விரிசல் சிலிண்டர் சுவருக்குள் இறங்கியிருந்தால் வேறு பிளாக் தேடுங்கள். வேகம் கூட்டப் போகும் இன்ஜினில் ஒட்டுப்போட்ட சிலிண்டர் வேண்டாம்.

கிராங்க்: இங்கேதான் உங்கள் பணம் போக வேண்டும்

மூன்றே மெயின் பேரிங், அவற்றுக்கு நடுவே நீளமான ஒல்லி கிராங்க், எதிர் எடை கிடையாது. வேகம் ஏற ஏற இந்த கிராங்க் நடுவில் வளைந்து துடிக்கும். அந்த அடியை முழுசாக வாங்குவது நடு பேரிங்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 19 அங்குலச் சக்கரமும் 3.78 கியர் விகிதமுள்ள பின் ஆக்ஸிலும் உள்ள காரில் மணிக்கு 60 மைல் போனால் இன்ஜின் கிட்டத்தட்ட 2,670 சுற்றில் ஓடும். 40 குதிரைத்திறன் கிடைக்கும் உச்சம் 2,200-இல். அதாவது இன்றைய சாலை வேகத்தில் போனாலே இன்ஜின் தன் வசதியான எல்லையைத் தாண்டிவிட்டது. ஹெட்டும் கார்புரேட்டரும் மாற்றினால் அது அந்த எல்லைக்கு மேலே இன்னும் உற்சாகமாக ஓடும். தாங்க வேண்டியது அதே ஒல்லி கிராங்க்தான்.

முதலில் கிராங்கை விரிசலுக்குச் சோதித்து, நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு ஜர்னல்களைக் கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். ஓரத்தில் உள்ள வளைவை, அதாவது ஃபில்லட்டை, கூர்மையாக்காமல் விடச் சொல்லுங்கள். இந்த கிராங்குகள் உடைவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்து.

பேரிங் விஷயத்தில் இரண்டு பாதைகள். ஃபோர்டு செய்தது பாபிட்: பெரும்பகுதி வெள்ளீயமும் கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும் கலந்த மென்மையான உலோகத்தை உருக்கி, நேரே பிளாக்கிலும் ராடிலும் ஊற்றி, பிறகு கிராங்க் அளவுக்குக் கடைந்து எடுப்பார்கள். நம்மூர்ப் பட்டறைகளில் வைட் மெட்டல் என்பது இதைத்தான். நன்றாக ஊற்றிய பாபிட் பல்லாயிரம் மைல் அமைதியாக ஓடும். ஆனால் ஊற்றத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. மோசமாக ஊற்றியது சில ஆயிரம் மைலில் பொரிந்து, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் சில்லு சில்லாகக் கிடக்கும்.

இன்னொரு பாதை, பிளாக்கைக் கடைந்து இன்றைய கார்களில் உள்ளது போன்ற ஷெல் பேரிங் போடுவது. செலவு அதிகம், ஆனால் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். என் கணக்கு இது: 5.5:1 ஹெட், 50 மைல் வேகத்தில் உலா என்றால் நல்ல பாபிட் போதும். அதற்கு மேல் ஆசை இருந்தால் ஷெல் பேரிங், எதிர் எடை, பிரஷர் ஆயில் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது மூன்று கால் நாற்காலியில் ஒரு காலை மட்டும் பலப்படுத்துவது போல. டெர்ரி பர்ட்ஸ் வடிவமைத்த புதிய பிளாக்கும் இப்போது கிடைக்கிறது. வெளியே மாடல் ஏ மாதிரியே, உள்ளே ஐந்து மெயின் பேரிங்கும் முழு பிரஷர் ஆயிலும். பழைய பிளாக்குக்குச் செய்ய வேண்டிய கடைசல் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இடைவெளி: மெயினுக்கும் ராடுக்கும் 1 முதல் 1.5 தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ. பாபிட் பேரிங்கில் கேப்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். உரித்து எடுத்தால் இடைவெளி குறையும். பிளாஸ்டிகேஜ் நூலை ஜர்னல் மேல் வைத்து கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அளந்து பார்க்கலாம். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது. ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த கேப்பில் பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கடைசியில் கோட்டர் பின், நட்டு கழலாமல் பூட்டும் பிளவு ஊசி. துளையும் நட்டின் பள்ளமும் நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தாதீர்கள்; வேறு நட்டு போடுங்கள், அல்லது அதன் அடியைக் கொஞ்சம் தேயுங்கள்.

பேலன்ஸ் செய்யாமல் மேலே போகாதீர்கள். நாலு பிஸ்டனும் ஒரே எடை. நாலு ராடும் ஒரே எடை, அதிலும் பெரிய முனை தனி, சின்ன முனை தனி. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்துச் சுழற்றி பேலன்ஸ். இந்த வேலை ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாது. ஆனால் 45 மைலில் ஸ்டியரிங் நடுங்குகிற காரை 55-இல் பேசிக்கொண்டே ஓட்டுகிற காராக மாற்றும். எதிர் எடை வைக்க முடிந்தால் இந்தக் கட்டத்திலேயே, பேலன்ஸுக்கு முன்பே, வைத்துவிடுங்கள்.

ஆயில் போகும் வழி

மாடல் ஏ டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது. காட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சுழற்றும் பம்ப் ஆயிலை வால்வு அறைக்குத் தூக்குகிறது. அங்கே தேங்கி, துளைகள் வழியாகத் தன் எடையிலேயே மூன்று மெயின் பேரிங்குக்கும் இறங்குகிறது. மிச்சம் வெளியே உள்ள குழாய் வழியாகக் கீழே வந்து, சம்ப்பில் உள்ள தட்டின் பள்ளங்களை நிரப்புகிறது. ராடு அடியில் உள்ள சின்னக் கரண்டிகள் அந்தப் பள்ளத்தில் முங்கி ஆயிலை அள்ளிக்கொள்ளும். கரண்டியின் வாய் கேம் ஷாஃப்ட் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அள்ளாது, தள்ளிவிடும்.

ஆகவே துளைகள் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் துடைப்பது சின்ன வேலை இல்லை. பின் மெயினில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை வீசியெறியும் விளிம்பும் கேப்பில் ஒரு வடிகால் குழாயும்தான். அந்தக் குழாய் அடைத்தால் ஆயில் கிளட்சுக்குப் போகும். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஒரு கோட்டர் பின் லொடலொடவென்று தொங்கும். யாரோ மறந்து விட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள். அது ஆடிக்கொண்டே இருந்து துளை அடைபடாமல் காக்கவே வைக்கப்பட்டது.

பிஸ்டன், ரிங்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரின் தேய்மானத்தை மேல், நடு, கீழ் என்று அளந்து, எந்த ஓவர்சைஸில் (அசலைவிடப் பெரிய அளவில்) சுத்தமாக வருகிறதோ அதில் நிறுத்துங்கள். 125 தௌ வரை பிஸ்டன் கிடைக்கும். அப்போது போர் சரியாக 4 அங்குலமாகி, மொத்தம் 213.6 கன அங்குலம் ஆகும். கூடியது வெறும் 6.5 சதவீதம், அதற்காகச் சுவரை மெலிதாக்கி சூட்டை வரவழைப்பது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை. பிஸ்டன் இடைவெளி பிஸ்டன் செய்தவர் சொன்னபடி. ரிங் வாய் (ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 முதல் 4 தௌ, அதாவது இங்கே 12 முதல் 16 தௌ. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சமமாகத் தள்ளி, ஃபீலர் கேஜில் அளவெடுங்கள்.

கேம், வால்வு, டைமிங் கியர்

அசல் வால்வின் தண்டு அடியில் காளான் போல அகன்றிருக்கும். கைடு இரண்டு பாதியாகப் பிரியும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள டேப்பட்டில் திருகி அட்ஜஸ்ட் செய்ய வழியில்லை. இடைவெளி வைக்க வால்வு தண்டைத் தேய்க்க வேண்டும், ஒரு தடவை அதிகம் தேய்த்தால் போச்சு. இன்றைக்குக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் வால்வு, ஒரே துண்டு கைடு, அட்ஜஸ்ட் செய்யும் டேப்பட் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வால்வு இடைவெளி இன்டேக் 10 முதல் 13 தௌ, எக்ஸாஸ்ட் 15-க்குக் குறையாமல். ரீகிரைண்ட் கேம் என்றால் அதைச் செய்தவர் தரும் அளவுதான் சட்டம்.

கேம் தேர்வில் ஆசையை அடக்குங்கள். மாடல் பி வடிவத்தில் கிரைண்ட் செய்த கேம், அல்லது அதைவிடக் கொஞ்சம் தூக்கும் உலாவுக்கான கேம் போதும். 3,500 சுற்றில் உயிர்பெறும் பந்தய கேம், அந்தச் சுற்றுக்குப் போகக் கூடாத இன்ஜினில் எதற்கு? புதிய கேம் போட்டால் டேப்பட்டும் புதிது. பழைய டேப்பட்டின் முகம் புதிய கேமைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

டைமிங் கியரில் கிராங்க் பக்கம் உலோகம், கேம் பக்கம் ஃபைபர். ஃபைபர் சத்தமில்லாதது, பல் உதிர்ந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். இரண்டு கியரின் குறிகளையும் சேர்த்து மாட்டுங்கள். முன் மூடியில் கேமைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் உண்டு. மூடியைக் கழற்றும்போதே தரையில் உருண்டு ஓடிவிடும், தேடி எடுத்து வையுங்கள்.

ஃப்ளைவீலும் கிளட்சும்

அசல் ஃப்ளைவீல் சுமார் 63 பவுண்டு. லேத்தில் விளிம்பைக் கடைந்து 40 பவுண்டு அருகே கொண்டுவந்தால் இன்ஜின் சட்டென்று எழும்பும், கியர் மாற்றும்போது சுற்று வேகமாக இறங்கும். கிராங்கின் வாலில் தொங்கும் சுமையும் குறையும். இந்தக் காரில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தரும் மாற்றம் இதுதான் என்பேன். இன்னும் குறைத்தால் டாப் கியரில் மெதுவாக ஊர்ந்து போகும் அழகு போய்விடும்.

பலர் தாண்டிப் போகும் ஒரு சோதனை: ஃப்ளைவீல் ஹவுசிங்கைப் பிளாக்கில் மாட்டி, கிராங்கில் டயல் கேஜைப் பிடித்து, ஹவுசிங் முகத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 6 தௌவுக்கு மேல் போனால் ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இது கோணினால் கிளட்ச் அதிரும், கியர் வெளியே துள்ளும், நீங்கள் கியர் பாக்ஸைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அலுத்துப்போவீர்கள். ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கையும் ரிலீஸ் பேரிங்கையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மறுபடி இங்கே வர இன்ஜினை இறக்க வேண்டும்.

கியர் பாக்ஸ்

மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ், கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. முதல் கியர் 3.12, இரண்டாவது 1.85, மூன்றாவது நேர். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் இந்தக் காரின் பெரிய குறை. மேட்டில் இரண்டாவது கியரில் கத்தும், மூன்றாவதில் திணறும்.

நியூட்ரலில் வைத்து மேலே உள்ள ஷிஃப்ட் டவரைத் தூக்குங்கள். உள்ளே கெட்டிப்பட்ட பழைய கிரீஸ் இருந்தால் அதில் பித்தளை, இரும்புத் துகள் மின்னுகிறதா என்று விரலில் தேய்த்துப் பாருங்கள். பின்பக்க யுனிவர்சல் ஜாயின்ட், பேரிங் ரிட்டெய்னர்கள் கழன்ற பிறகு, கவுன்ட்டர் ஷாஃப்டையும் ரிவர்ஸ் ஐட்லர் ஷாஃப்டையும் பூட்டிப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டை எடுத்தால் இரண்டும் வெளியே வரும்.

பார்க்க வேண்டியவை: கியர் பற்களின் முனை உடைந்து வட்டமாகியிருக்கிறதா (ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இரண்டு தடவை கிளட்சை அழுத்தும் டபுள் கிளட்ச் தெரியாதவர்களின் கைவண்ணம்), கவுன்ட்டர் ஷாஃப்டில் ரோலர் ஓடிய தடம் நகத்தில் தட்டுப்படுகிறதா, ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்து மெலிந்திருக்கிறதா. பால் பேரிங் இரண்டும் புதிது. ஷாஃப்ட், ரோலர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; தேய்ந்த ஷாஃப்டில் புது ரோலர் நிற்காது. இரண்டாவது கியர் துள்ளி வெளியே வந்தால் முதலில் டவரில் உள்ள பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பாருங்கள், பிறகு பேரிங், அதன் பிறகு மேலே சொன்ன ஹவுசிங். ஷாஃப்ட் துளைகள் வழியே ஆயில் கசியும். மாட்டும்போது சீலன்ட் தடவுங்கள். ஊற்ற வேண்டியது 600 டபிள்யூ எனப்படும் தேன் போன்ற கெட்டி எண்ணெய். மெல்லிய கியர் ஆயில் கசிவதோடு, கியரின் சுழற்சியையும் சீக்கிரம் அடக்காது, மாற்றும்போதெல்லாம் கரகரக்கும்.

1939 ஃபோர்டின் கியர் பாக்ஸைப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சிங்க்ரோ உண்டு, பலமானது, பழைய காரை வேகத்துக்காக மாற்றும் ஹாட் ராடு ஆட்களின் செல்லப்பிள்ளை. ஆனால் மாடல் ஏயில் கிளட்ச், பிரேக் பெடல்கள் இரண்டும் கிளட்ச் ஹவுசிங்கிலேயே மாட்டியிருக்கின்றன. கியர் பாக்ஸை மாற்றினால் அடாப்டர், பெடல், மவுண்ட், டார்க் டியூப் நீளம் என்று வேலை நீளும். நீண்ட தூரம் போவதே நோக்கமென்றால், பழைய பாக்ஸைச் சரிசெய்துவிட்டு அதன் பின்னால் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வைப்பதே மேல். அல்லது பின் ஆக்ஸிலில் 3.54 கிரவுன்-பினியன். அதே 60 மைலில் சுற்று 2,500-க்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். கிராங்க் நன்றி சொல்லும்.

மேல் வேலை: ஹெட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட்

இப்போது சந்தோஷமான பகுதி. 1930-களில் கலிபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரியில் இளைஞர்கள் இந்த இன்ஜினை விரட்டிய காலத்திலேயே வித்தைகள் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. எட் வின்ஃபீல்டின் ஹெட்டும் கேமும் கார்புரேட்டரும், ஜார்ஜ் ரைலியின் ஓவர்ஹெட் வால்வு ஹெட், ஹாரி மில்லர் வடிவமைப்பிலிருந்து வந்த கிராகர் ஹெட். 1932-இல் ஃபோர்டின் வி8 வந்த பிறகும் நாலு சிலிண்டர்காரர்கள் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அசல் ரைலி, கிராகர் ஹெட்டுகள் இன்று நகை விலை.

நம் வீட்டுக் காருக்கு 5.5:1 ஹெட். சைடு வால்வு இன்ஜினில் கம்ப்ரெஷனைக் கூட்டுவது எல்லா சுற்றிலும் பலன் தரும் ஒரே மாற்றம். மேடு ஏறும்போது உடனே தெரியும். 6:1 போடலாம், கீழ் வேலை மேலே சொன்னபடி நடந்திருந்தால். ஹெட்டை மாட்டும் முன் களிமண் உருண்டைகளை வால்வு மேலும் பிஸ்டன் மேலும் வைத்து, ஹெட்டை மாட்டி இரண்டு சுற்று சுற்றி, கழற்றிப் பார்த்து எதுவும் முட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பெரிய கேம் போட்டிருந்தால் கட்டாயம். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், 55 பவுண்டு-அடி வரை.

அசல் ஜெனித் கார்புரேட்டர் கீழிருந்து மேலே இழுக்கும் வகை. அதன் இடத்தில் மாடல் பியின் பெரிய ஜெனித் அப்படியே பொருந்தும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். மேலிருந்து இறங்கும் ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வேண்டுமென்றால் அதன் 97 மாடலைவிடச் சின்னதான 81 மாடல் இந்த இன்ஜினின் மூச்சுக்குச் சரியான அளவு. இரட்டை 97 படத்துக்கு அழகு. ஒன்றை மறக்காதீர்கள்: பெட்ரோல் டேங்கிலிருந்து தன் எடையில்தான் வருகிறது. கார்புரேட்டரை மேலே தூக்கி வைத்தால், டேங்க் பாதியானதும் பெட்ரோல் ஏறாது. குறைந்த அழுத்தமுள்ள எலக்ட்ரிக் பம்ப் வேண்டும்.

பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்முனை சூட்டில் தொய்ந்திருக்கும். நேர்பட்டையை வைத்துப் பாருங்கள்; தொய்ந்ததை போல்ட்டால் இழுத்துப் பிடித்தால் உடையும். நல்ல ஹெடர் (தனித்தனிக் குழாய்களாலான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) கொஞ்சம் சக்தியும் நிறைய சத்தமும் தரும். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா பக்கம் உள்ள வலப்பக்க ஸ்டியரிங் கார் என்றால் வாங்கும் முன் அளந்து பாருங்கள். மேனிஃபோல்டுகள் வலப் பக்கம் இருப்பதால், இடப்பக்க ஸ்டியரிங்குக்குச் செய்த ஹெடர் ஸ்டியரிங் பாக்ஸில் முட்டலாம்.

டைமிங், முதல் ஸ்டார்ட்

பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி 18 முதல் 22 தௌ, பிளக் 35 தௌ. முதலில் பாயின்ட், அப்புறம்தான் டைமிங். ஸ்டியரிங் கீழே இடப்பக்கம் உள்ள ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளுங்கள், அது ரிட்டார்டு, அதாவது தீப்பொறி தாமதமாக வரும் நிலை. முன் மூடியில் உள்ள டைமிங் பின்னைக் கழற்றித் திருப்பி உள்ளே அழுத்திப் பிடித்தபடி, 1-ஆவது சிலிண்டர் கம்ப்ரெஷனில் வரும்போது ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால் பின் கேம் கியரில் உள்ள குழியில் பொத்தென்று விழும். டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் திருகைத் தளர்த்தி, ரோட்டர் 1-ஐப் பார்க்க, பாயின்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-2-4-3. பின்னை மறுபடி திருப்பி மாட்ட மறந்து ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஹெட்டை மாற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கம்ப்ரெஷன் கூடினால் எரிதல் வேகமாகும், அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடுவது) குறைவாகத்தான் வேண்டும். பழைய பழக்கத்தில் லீவரை அடிவரை இழுத்து மேடு ஏறினால் நடு பேரிங் பாபிட்டைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். லீவரை நம்ப முடியாதென்றால், தானே அட்வான்ஸ் செய்யும் மாடல் பி வகை டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுங்கள்.

மொத்த ஆயில் 5 அமெரிக்க குவார்ட், சுமார் 4.7 லிட்டர். அதில் ஒரு பங்கை டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக ஊற்றினால் வால்வு அறை நிறைந்து, ஸ்டார்ட் ஆகும் முன்பே மெயின்களில் ஆயில் இருக்கும். பிளக் இல்லாமல் ஹேண்டிலால் சில சுற்று. புதிய பாபிட் சற்று இறுக்கமாகவே சுற்றும். பிறகு ஸ்டார்ட் செய்து, தண்ணீரும் ஆயிலும் கசிகிறதா என்று பாருங்கள். அசல் இரண்டு இலை மின்விசிறியை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றால் முன்னால் நிற்காதீர்கள்; விரிசல் விட்டு இலை பிய்ந்து பானட்டைக் கிழித்துக்கொண்டு பறந்த கதைகள் நிறைய. அதை மாற்றிவிடுவது நல்லது.

சூடானதும் நிறுத்தி, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள். அலுமினிய ஹெட் என்றால் ஆறிய பிறகு. சில நாள் கழித்து இன்னொரு முறை, நட்டு நகராத வரை. முதல் 500 மைல் ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டி, ஆயிலை மாற்றி, பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். வெள்ளி நிறச் செதில் தென்பட்டால் சம்ப்பைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

அப்புறம் பிரேக். 40 குதிரைத்திறனுக்காகச் செய்த மெக்கானிக்கல் பிரேக் அது, ராடுகளால் இழுபடுவது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939-இல்தான். நீங்கள் சக்தியைக் கூட்டி வெளியே ஓட்டப் போகும் முன், டிரம்மைக் கடைந்து, லைனிங் மாற்றி, ராடு பின்களில் உள்ள ஆட்டத்தை எடுத்து, நாலு சக்கரமும் சமமாகப் பிடிக்கிறதா என்று ஜாக்கில் தூக்கி வைத்துப் பாருங்கள். அது சரியாக இல்லாவிட்டால் கார்புரேட்டர் பெட்டியை இன்னும் திறக்க வேண்டாம்.